‘ஏற்கப்பட்ட’ உச்சரிப்பு: ஏற்றது யார்?

இங்கிலீஷை ‘ஒழுங்கா’ உச்சரிக்கக் கற்றுக்கொடுக்கிற காரியம் காலனிகளில் தொடங்கியதல்ல. பிரிட்டனுக்குள்ளேயே பாடம் கேட்க உட்கார்ந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1707இல் எடின்பரோ நாடாளுமன்றம் லண்டனோடு கரைந்துபோன பிறகு, பதவி வேண்டுமென்றால் லண்டனைத்தான் பார்த்தாக வேண்டும். 1761இல் தாமஸ் ஷெரிடன் எடின்பரோவில் நிகழ்த்திய பேச்சுக்கலைச் சொற்பொழிவுகளுக்குக் கனவான்கள் சுமார் 300 பேர் வந்தார்கள். இதில் வேடிக்கை, ஷெரிடன் லண்டன்காரரே அல்ல. அயர்லாந்துக்காரர், நாடக நடிகர். விளிம்பில் நிற்கும் ஒருவன் விளிம்பில் நிற்கும் இன்னொருவனுக்கு மையத்தின் நாக்கைக் கடன் வாங்கிக் கொடுக்கிறான். 1780இல் ஷெரிடன் உச்சரிப்பைக் காட்டும் அகராதியே போட்டார். அதற்கு முன்பே, 1772இல், டாக்டர் ஜான்சன் கேட்டுவிட்டார்: ஐரிஷ்காரருக்கு இங்கிலீஷ் உச்சரிப்பை நிர்ணயிக்க என்ன தகுதி? எவ்வளவு கற்றாலும் திண்ணை வரைதான்.

1791இல் வந்த ஜான் வாக்கரின் அகராதி இன்னும் வெளிப்படையானது. ஸ்காட்லாந்துக்காரர், ஐரிஷ்காரர், லண்டன்வாசிகள் ஆகியோர் தத்தம் ‘குறைகளை’க் களைந்துகொள்ள அதன் முன்பகுதியில் விதிகளே உண்டு. லண்டன் பாமரர் மீதான குற்றப்பட்டியலில் ஒன்று, ‘வீ’யையும் ‘டபிள்யூ’வையும் மாற்றிச் சொல்வது. இன்று நம்மவர்களை நிறுத்திவைத்துத் திருத்துகிற அதே குற்றம்தான். ‘கார்ட்’ போன்ற சொற்களில் ரகரம் லண்டனில் தேய்ந்து ஆகாரத்தில் கலந்துவிடுவதையும் வாக்கர் குறித்துவைத்தார். பிற்பாடு அந்தத் தேய்வே மேட்டுக்குடியின் தரமாகிவிட்டது. ரகரத்தைக் காப்பாற்றி வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் நாட்டுப்புறத்தானாகிவிட்டார். ஒலி குற்றமா இல்லையா என்பதை வாய் தீர்மானிப்பதில்லை. வாய்க்குச் சொந்தக்காரர் தீர்மானிக்கிறார்.

1917இல் டேனியல் ஜோன்ஸ் தமது உச்சரிப்பு அகராதியில் தாம் பதிவு செய்வது யாருடைய பேச்சு என்பதை மறைக்கவில்லை. தென் இங்கிலாந்தில், ஆண்கள் ‘பப்ளிக் ஸ்கூல்’களில் படித்த குடும்பங்களின் பேச்சு. (பப்ளிக் ஸ்கூல் என்றதும் நம்ம பஞ்சாயத்துப் பள்ளியை நினைத்துவிட வேண்டாம், பணக்கார விடுதிப் பள்ளிகள் அவை. பெண்களும் அங்கே படித்த ஆண்கள் வழியாகத்தான் கணக்கில் வருகிறார்கள்.) அதற்கு அவர் வைத்த பெயரும் ‘பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு’. 1926 பதிப்பில் பெயர் மாறியது: ‘ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்’, ஏற்கப்பட்ட உச்சரிப்பு. 1869இலேயே அலெக்சாண்டர் எல்லிஸ் புழங்கிய தொடர்தான். ஆனாலும் இந்த மாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முதல் பெயரில் வர்க்கம் இருந்தது. இரண்டாவது பெயர் செயப்பாட்டுவினை; ஏற்றவர் யார் என்ற கேள்வியே இலக்கணத்துக்குள் புதைந்துபோயிற்று. இந்த உச்சரிப்பு மற்றவற்றைவிட உயர்ந்ததல்ல என்று ஜோன்ஸே எழுதியிருந்தார். வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது அகராதி மட்டும். அந்த வாக்கியம் வரவில்லை.

உள்ளேயிருந்தும் குரல்கள் எழாமலில்லை. நிறத்தடை போலவே பிரிட்டனில் உச்சரிப்புத் தடையும் இருக்கிறது என்று சொன்னவர் டேவிட் அபர்குரோம்பி, எடின்பரோவின் ஒலியியலாளர். கற்பவருக்கு வேண்டியது சிரமமில்லாமல் புரிகிற பேச்சு, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். 2000இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் இன்னும் ஒரு படி போனார். இங்கிலீஷ் கற்றவர்கள் பெரும்பாலும் தங்களைப் போலவே கற்றவர்களிடம்தான் பேசுகிறார்கள். அவர்களுக்குள் எது புரிதலைக் கெடுக்கிறது என்று பார்த்தார். ‘திங்க்’கின் முதலொலிக்காக நாக்கைப் பல்லிடுக்கில் நுழைக்கும் பயிற்சி, வாத்தியார்கள் உயிரைக் கொடுத்து நடத்துவது, அவசியப் பட்டியலில் இல்லை. குறில் நெடில் வேறுபாடு இருந்தது. அதுல நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ப, ப்ஹ என்று மூச்சுவிடும் வேறுபாடும் பட்டியலில் உண்டு. அது நமக்குக் கொஞ்சம் உழைப்புதான்.

ஆனால் சந்தைக்கு ஜென்கின்ஸ் தேவைப்படவில்லை. அதே ஆண்டுகளில் சென்னையிலும் பெங்களூரிலும் கால் சென்டர்கள் பெருகின. அங்கே நடந்த பயிற்சிக்குப் பெயர் ‘அக்சென்ட் நியூட்ரலைசேஷன்’. பப்ளிக் ஸ்கூல், ஏற்கப்பட்டது, இப்போது நடுநிலை. இரவு ஷிப்டில் பிள்ளைகள் தங்கள் நாக்கிலிருந்து ஊரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். லைனின் மறுமுனையில் இருந்த வாடிக்கையாளருக்குக் கேட்கும் பயிற்சி என்று எதுவும் வைக்கப்படவில்லை.