கிறிஸ்துமஸ் தட்டும் அச்சு முறுக்கும்: ஒரு பலகார வரலாறு



இந்த முறை ரொம்ப சீரியஸான விஷயம் இல்லை, பலகார விஷயம்தான். ஆனால் உள்ளே போகப் போக போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ரயில்வே, சாதி என்று எல்லாம் வந்து மாட்டிக்கொண்டது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் 'குக்கீ எக்ஸ்சேஞ்ச்' என்று ஒன்று நடத்துவார்கள். ஆளுக்கு ஒரு வகை பிஸ்கட் நிறையச் சுட்டுக்கொண்டு போக வேண்டியது, எல்லோருடையதிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியது. நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இதற்குப் பெயரே கிடையாது. "கிறிஸ்துமஸ் தட்டு வந்தாச்சா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். தீபாவளிக்கு இந்த வீட்டிலிருந்து தட்டு போகும், ரம்ஜானுக்கு அந்த வீட்டிலிருந்து வரும், கிறிஸ்துமஸுக்கு மூன்றாவது வீட்டிலிருந்து. காலித் தட்டைத் திருப்பித் தரக்கூடாது, குறைந்தது ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். பி.காம் படிப்பவன் கண்ணுக்கு இது அப்பட்டமான இரட்டைப் பதிவு முறை! பற்று இருந்தால் வரவு இருக்கும். ஆனால் யாரும் கணக்கை முடித்து மூடுவதில்லை.

சரி, தட்டில் என்ன இருக்கும்? அச்சு முறுக்கு (ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கீஸ்), கல்கல், டைமண்ட் கட்ஸ், நெல்லை, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் என்றால் முந்திரிக்கொத்து. கூடவே ஒரு துண்டு கேக். இந்தப் பட்டியலில் கேக்கைத் தவிர மற்ற எல்லாமே எண்ணெயில் பொரித்தவை. கவனித்தீர்களா? வெளிநாட்டுக் குக்கீகள் அடுப்புப் பெட்டிக்குள் வெந்தவை. நம் வீடுகளில் அவன் கிடையாது, விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் இரும்புச் சட்டியும்தான். கேக் மாவை வீட்டில் கலந்து, தட்டோடு தூக்கிக்கொண்டு போய் பேக்கரி அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்கி வந்த குடும்பங்கள் நிறைய உண்டு. தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் 1883-ல் சுட்டதுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். அவரும் பேக்கரிக்காரர்தான், வீட்டுச் சமையற்காரர் இல்லை.

நம் ஆட்கள் பொரிப்பதில் ஏற்கெனவே கை தேர்ந்தவர்கள். விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளிலேயே அதிரசம் படைக்கக் கொடுத்த நிவந்தங்கள் இருக்கின்றன. ஆக, வெளியிலிருந்து வந்த பண்டம் நம் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கியதில் ஆச்சரியம் இல்லை.

வெளியிலிருந்து என்றால் எங்கிருந்து? தாம்பரத்தில் ஏறி பீச் பக்கம் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்தால் போதும். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்... அப்புறம் பறங்கிமலை. பெயரிலேயே பறங்கி இருக்கிறான். அந்த மலை மேல் போர்ச்சுக்கீசியர் 1523-ல் தேவாலயம் கட்டினார்கள். நாம் சொல்லும் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பாதிரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். கல்கல்லும் அந்த வழிதான். மாவுத் துண்டை உருட்டிச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போடும் அவர்களுடைய பண்டிகைப் பலகாரம் கோவாவில் ஊன்றி, அங்கிருந்து கடலோரமாகப் பரவியது. கோவாவில் கொங்கணியில் இதற்குப் புழு என்று பெயர்! பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். நம் தென் மாவட்டங்களில் டைமண்ட் வடிவத்தில் வெட்டுவதைக் 'கலகலா' என்பார்கள். கல்கல் செய்ய முள்கரண்டியின் முதுகில், அல்லது அதற்கென்றே எடுத்து வைத்த புதுச் சீப்பில், மாவு உருண்டையை அழுத்திச் சுருட்ட வேண்டும். ஒரு கிலோ மாவு முடிய வீடே உட்கார வேண்டும்.

அச்சு முறுக்கு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூ வடிவ இரும்பு அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டால் பூ கழன்று மிதக்கும். இதே மாதிரி அச்சில் ஸ்வீடன், நார்வே பக்கம் கிறிஸ்துமஸுக்கு 'ரோசெட்' சுடுகிறார்கள். டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்தார்கள் என்பதால் அந்த வழியாக வந்தது என்று கதை கட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி இலங்கைப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து அச்சில் சுடும் இதே பலகாரத்தின் பெயர் 'கொக்கிஸ்'. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் மொழியில் சின்ன கேக்குக்கு 'கூக்யே' என்று பெயர். ஆங்கிலத்தின் 'குக்கீ'யும் அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஆக அமெரிக்கக்காரன் பரிமாறிக்கொள்ளும் குக்கீயும் இலங்கைக் கொக்கிஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்னொரு வேடிக்கை, இலங்கையில் கொக்கிஸ் கிறிஸ்துமஸுக்கு இல்லை, ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு!

இது நம் தெருவுக்கு எப்படி வந்தது? கம்பெனிப் படையில் ஓய்வு பெற்றவர்களைக் குடியமர்த்திய இடம் பல்லாவரம் வெட்டரன் லைன்ஸ். பறங்கிமலையிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது, கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. ரயில்வே வேலை, கல்லூரி வேலை, பிறகு தொழிற்சாலை வேலை என்று எல்லா ஊர்க்காரர்களும் ஒரே காம்பவுண்டுக்குள் வாடகைக்கு வந்தார்கள். 1947-க்குப் பிறகு ஆங்கிலோ இந்தியர்களில் பெரும் பகுதி இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கப்பல் ஏறிவிட்டது. மக்களவையில் அவர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020-ல் முடிந்துவிட்டன. அச்சு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தங்கிவிட்டது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். எல்லாத் தட்டும் எல்லா வீட்டிலும் சாப்பிடப்பட்டது என்று நினைக்காதீர்கள். சோறு வாங்கமாட்டார்கள், பலகாரம் வாங்குவார்கள் என்பது பழைய கணக்கு. தண்ணீரில் வெந்ததற்குத் தீட்டு அதிகம், நெய்யிலும் எண்ணெயிலும் பொரித்ததற்குக் குறைவு என்று சாதி ஒரு விதி வைத்திருந்தது. முறுக்கும் அதிரசமும் வீட்டு வாசலைத் தாண்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அதையும் மீறி, சிரித்த முகத்தோடு தட்டை வாங்கி, கதவைச் சாத்தியதும் வேலை செய்யும் அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிடும் வீடுகள் இன்றும் உண்டு. கொடுத்தவர்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. நன்றாகத் தெரியும்! அதனால்தான் சில கிறிஸ்தவ வீடுகளில் அந்த வீடுகளுக்கு மட்டும் ஆப்பிளும் வாழைப்பழமும் கடை ஸ்வீட்டுமாகத் தட்டு போகும். வேறு சில வீடுகளில் சைவக்காரர்களுக்கென்று முட்டை சேர்க்காமல் முதலில் ஒரு ஈடு தனியாகச் சுட்டு, வேறு டப்பாவில் போட்டு, "இதில முட்டை இல்ல மாமி, தைரியமா சாப்பிடுங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த ஒரு ஈடுதான் இந்தக் கதையிலேயே பெரிய விஷயம் என்பேன். எந்த டச்சுக்காரனும் சொல்லித் தந்ததில்லை அது.

செய்முறை இல்லாமல் பலகாரப் பதிவு போட்டால் திட்டுவீர்கள், ஆகவே: இரண்டு கப் பச்சரிசி மாவு, அரை கப் மைதா, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் எள், ஒரு முட்டை, தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்க வரும் அளவுக்குத் தேங்காய்ப்பால். முட்டை வேண்டாம் என்றால் மைதாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும், இல்லையென்றால் மாவு ஒட்டாது. மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடினால் பூ கழலவே கழலாது. தோய்த்த அச்சை எண்ணெயில் வைத்துச் சில நொடி கழித்து லேசாக உதறினால் தானே விழும். பொன்னிறமாக வந்ததும் எடுத்து, ஆறியபின் டப்பாவில் அடைத்தால் பத்து நாள் தாங்கும்.

அச்சு, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். புதுசு என்றால் ஒரு ராத்திரி எண்ணெயில் ஊற வையுங்கள். முதல் நாலைந்து பூ பிய்ந்துதான் வரும், அதை நீங்களே சாப்பிட்டுவிடலாம் :-)