லயமும் ஒளிநாடாவும்: ஒரு தயக்கத்தின் வரலாறு

புதிய சாதனமொன்று சந்தைக்கு வந்தவுடன் வாங்குவோரை முன்னோடிகளென்றும், காலந்தாழ்த்துவோரைப் பின்தங்கியோரென்றும் வகுத்துரைப்பது சமூகவியலாளரிடை வழக்கிலுள்ளது. எவரெற் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூல் இவ்வகுப்பினைப் பரவச் செய்தது. எனினும், புதுமைக்குச் சார்பான நோக்கும் தனிமனிதன் மீதே பழிசுமத்தும் போக்கும் இத்துறை ஆய்வுகளில் மலிந்துள்ளமையைப் பிற்பதிப்புகளில் அவரே சுட்டிக்காட்டினார். வீட்டு ஒளிநாடாக் கருவியின் வரலாற்றைச் சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் வைத்து நோக்கின், அவ்வெச்சரிக்கையின் பொருத்தம் புலனாகும்.

சோனி நிறுவனம் 1975இல் பீற்றாமக்ஸ் கருவியையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வீ.எச்.எஸ். கருவியையும் வெளியிட்டன. ஒன்றன் நாடா மற்றதிற் பொருந்தாது. தொடக்கத்தில் முன்னையது ஒரு மணி நேரமும் பின்னையது இரண்டு மணி நேரமும் ஓடின. முழுநீளத் திரைப்படத்துக்கு முன்னையது போதவில்லை. ஈற்றில் 1988இல் சோனி நிறுவனமே வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்ய முற்பட்டது. ஒரு பொருளின் பயன், அதனைப் பிறர் எத்துணைப்பேர் வைத்திருக்கின்றனர் என்பதையும் பொறுத்ததென மைக்கேல் காற்ஸ், கார்ல் ஷப்பீரோ என்னும் பொருளியலாளர் இருவர் 1985இல் விளக்கினர். நாடாவை இரவல் பெறவும் வாடகைக்கு எடுக்கவும் இயலாதவிடத்துக் கருவி வெறும் பெட்டியே. ஆதலின் பிறர் தெரிவு புலனாகும்வரை பொறுத்திருத்தல் வசதி படைத்தோர்க்கும் அறிவுடைமையாயிற்று.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை மின்சாதன இறக்குமதிக்கு வழிதிறந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினி 1982இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. ஆயின், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அப்போது மின்சாரம் எட்டவில்லை. கார் பட்டரியில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியே பலருக்கு இயன்றதாயிற்று. மேலும், இப்பகுதியில் தேயிலையோடு இறப்பரும் முக்கிய பயிராகும். மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். பேர் விழாத நாளுக்குக் கூலியில்லை. பருவமழை மிகுந்த இம்மாகாணத்தில் மாதவருமானத்தை முன்கூட்டிக் கணிப்பதே அரிது.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964இல் உடன்பாடு செய்யப்பட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்த குடும்பத்திற்கு, அடுத்த ஆண்டு எந்நாட்டில் வாழ்வோம் என்பதே தெளிவில்லை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. லயங்களும் உடைமைகளும் அழிந்தன. சிங்களக் கிராமங்களிடையே சிதறிக்கிடந்த இத்தோட்ட மக்கள், தூக்கிக்கொண்டு ஓடமுடியாத பொருளில் சேமிப்பை இடத் தயங்கியமை வியப்பன்று.

கருவியை வாங்காமையால் அவர்கள் படம் பாராதிருந்தனர் எனக் கொள்ளலாகாது. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் 'டெக்'கும் தொலைக்காட்சிப் பெட்டியும் மின்பிறப்பாக்கியும் ஓரிரவு வாடகைக்கு எடுக்கப்பட்டன. பலர் பணம் சேர்த்தனர். தோட்டமே கூடியிருந்து கண்டது. எந்த வகை நாடா நிலைக்கும், கருவி பழுதுற்றால் என் செய்வது என்னும் கவலைகள் வாடகைக்காரரைச் சார்ந்தன. புதுமையின் பயனைப் பெற்று அதன் இடரைத் தவிர்க்கும் இவ்வேற்பாட்டைப் பின்தங்கிய நிலை எனல் பொருந்துமா?

பிற்கால நிகழ்வும் இதனை வலியுறுத்தும். 1993இல் வகுக்கப்பட்ட வீடியோ குறுவட்டு ஆசியாவெங்கும் விரைந்து பரவியது. ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. படத்தின் தரமும் சிறந்ததன்று. ஆயினும் வட்டும் கருவியும் மலிவாயின, அதே கருவியிற் பாடல் வட்டும் ஓடியது, பின்வந்த டீ.வீ.டீ. கருவிகள் பழைய வட்டுகளையும் ஏற்றன. வாங்கியது வீணாகாதென்னும் உறுதி இங்கு இருந்தது. தோட்டங்களுக்கு மின்சாரம் பரவலாகச் சென்றதும், 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை கிடைத்ததும் இக்காலத்தை ஒட்டியே என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனவே, ஒரு சமூகம் புதிய பொருளை ஏற்கத் தயங்கும்போது அதன் மனப்பான்மையை ஆராயுமுன், அதன் வருமானம், இருப்பிடம், உரிமை ஆகியவற்றின் நிலைபேற்றை ஆராய்தல் வேண்டும். தோட்டப்புற மக்களைப் பழமையில் ஊறியோரெனக் கூறும் கூற்றுகளை மாணவர் இவ்வளவுகோல் கொண்டு மீளாய்வு செய்வாராக.