‘எசென்ஷியல்’ என்ற சொல்லும் சர்ப்பகந்தி வேரும்

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் இறந்தார். ஓராண்டுக்கு முன்பே, 1944 மார்ச்சில், இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூன் அவரது இரத்த அழுத்தம் 186/108 எனக் கண்டறிந்திருந்தார். ஆயினும் ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, டிஜிட்டாலிஸ், அமைதியூட்டும் மாத்திரை ஆகியவற்றுக்கு மேல் அளிப்பதற்கு அன்று ஏதுமில்லை.

மருந்தின்மை மட்டுமே தடையாக இருக்கவில்லை. ஒரு சொல்லும் தடைக்குத் துணைநின்றது. காரணம் புலப்படாத உயர் இரத்த அழுத்தத்துக்கு 1911இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிராங்க் ‘எசென்ஷியல்’ என்னும் அடைமொழியைச் சூட்டினார். பிறிதொரு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றுவது என்பது அதன் மருத்துவப் பொருள். ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘இன்றியமையாதது’ என்ற பொருளும் உண்டு. தடித்துப்போன நாளங்களின் வழியே குருதியைச் செலுத்த அழுத்தம் உயர்ந்தே ஆகவேண்டும், அதைக் குறைப்பது தீங்கு என்று மருத்துவர் பலர் கருதிய காலம் அது. அந்தக் கருத்துக்கு இப்பெயர் வசதியாக அமைந்தது.

இக்கருத்தை அசைத்த தொடக்ககால மருந்துகளுள் ஒன்று இந்தியாவிலிருந்து சென்றது. சர்ப்பகந்தி வேரைப் பீகார் மக்கள் ‘பித்தருக்கான மருந்து’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதன் அமைதியூட்டும் தன்மையை அப்பெயரே உணர்த்திற்று. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அவ்வேர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என எழுதினர். அதே ஆண்டில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரின் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குக் கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார்.

பம்பாய் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்கு இவ்வேரை அளித்துக் கண்ட முடிவுகளை 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகின் பார்வை வேரின்மீது திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன அறிவியலாளர்கள் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தனர். 1957இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

அழுத்தத்தைக் குறைக்க முடியும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. குறைத்தால் நோயாளி பிழைப்பாரா என்ற கேள்வி எஞ்சியது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1967இல் அதற்கு விடையளித்தது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் அதில் பங்கேற்றனர். 73 பேர் ரெசர்பின் உள்ளிட்ட மூன்று மருந்துகளைப் பெற்றனர். 70 பேர் மருந்தற்ற போலி மாத்திரையைப் பெற்றனர். போலி மாத்திரை பெற்றோருள் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து பெற்றோருள் இருவருக்கு மட்டுமே நேர்ந்தன.

மனச்சோர்வு பற்றிய அச்சத்தாலும் புதிய மருந்துகளின் வருகையாலும் ரெசர்பின் பின்னர் ஒதுங்கியது. இன்று அவ்வேரைத் தாமாக உண்பது ஆபத்தானது. ஆனால் அது வழிதிறந்த உண்மை நிலைத்துவிட்டது: உயர் அழுத்தம் முதுமையின் இயல்பன்று, குறைக்கத்தக்க, குறைக்கவேண்டிய நோய். பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டாத இந்நோயை அளந்துதான் அறியமுடியும். மாத்திரையால் அளவு சீரடைந்தபின், நோய் நீங்கிற்று என எண்ணி மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவோர் இன்றும் உளர். சீரான அந்த அளவு மாத்திரை வேலை செய்வதற்கான சான்று. நோய் நீங்கியதற்கான சான்று அன்று.