ரெனிஸ் பந்து: ஒரு சரித்திர நோக்கு

நல்ல பந்து எது, நீடித்து உழைப்பது எது, கொடுக்கும் காசுக்குத் தகுந்தது எது என்னும் வாதம் கடைக்காரருக்கும் சிறுவருக்கும் மட்டுமே உரியதென எண்ணுவோர் பலர். ஆயின் 1480ஆம் ஆண்டிலே பிரான்சிய மன்னன் பதினோராம் லூயி இதற்கென ஒரு சட்டமே பிறப்பித்தான். பந்து செய்வோர் நல்ல தோலினுள்ளே கம்பளியைத் திணித்தல் வேண்டும்; மணல், சுண்ணாம்புத் தூள், மரத்தூள், சாம்பல் முதலியவற்றை அடைத்து விற்கலாகாது என்பது அதன் சாரம். பாலிலே தண்ணீர் கலக்கும் வித்தை எந்நாட்டிலும் உண்டு போலும்!

அத்தகைய பந்து புற்றரையிலே நன்கு எழும்பாது. 1844இல் சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பயனாய் உள்ளே வெறுமையான றப்பர்ப் பந்து வந்தது. 1874இல் இங்கிலாந்திலே விங்ஃபீல்ட் புற்றரை ரெனிஸுக்குக் காப்புரிமை பெற்றபோது அப்பந்தே ஆட்டத்துக்கு உயிராயிற்று. அதற்குக் கம்பளித் துணி போர்த்தும் யோசனை ஹீத்கோட் என்பாருடையது.

இரண்டே ஆண்டுகளில், 1876இல், கியூ தோட்டத்திலிருந்து றப்பர் நாற்றுகள் நம் நாட்டின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. பின்னர் மாத்தளைப் பகுதியிலும் றப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களிலே விடியுமுன் எழுந்து பால் வெட்டியோருள் நம்மவர் பலர். அவர் வழிவந்த பிள்ளைகள் இன்று கடைவாசலில் நின்று பந்தின் விலையைக் கேட்டுத் தயங்குகின்றனர்.

இன்று விற்கப்படும் பந்துகள் இருவகை. ஒன்று, உள்ளே காற்றழுத்தம் நிரம்பியது. அடைத்த தகரத்திலோ பிளாஸ்டிக் குழாயிலோ வரும். றப்பரினூடே காற்று மெல்லக் கசிவதால், அடைப்பைத் திறந்தபின் ஆடாது வைத்தாலும் சில வாரங்களிலே சோர்ந்துவிடும். பெரும் போட்டிகளில் முதல் 7 ஆட்டங்களின் பின்னும், அப்பால் ஒவ்வொரு 9 ஆட்டங்களின் பின்னும் புதுப்பந்து எடுப்பர். அவர்களுக்குக் கட்டும், நமக்குக் கட்டுமா? மற்றது, அழுத்தமின்றித் தடித்த றப்பரின் வலிமையாலே எழும்புவது. கைக்குச் சற்றுக் கடினம். ஆயினும் நெடுநாள் எழுச்சி குன்றாது.

தம்புள்ளையில் 2000ஆம் ஆண்டு ரங்கிரி மைதானம் அமைந்தபின் பிறநாட்டு அணிகள் தோற்பந்தோடு வந்து ஆடின. நம் இளைஞர் மாலைதோறும் ஆடுவதோ ரெனிஸ் பந்தால் ஆடும் மென்பந்துக் கிறிக்கெற். புற்றரைக்கென அமைந்த கம்பளிப் போர்வை சரளை மண்ணிலே விரைவில் உரியும்; மட்டையடியில் பந்து வெடிப்பதும் உண்டு. ஆகவே விலையை மட்டும் பாராது, எத்தனை மாலைக்குத் தாங்குமென வகுத்துப் பார்த்தல் வேண்டும். பயிற்சிக்கு அழுத்தமில்லாப் பந்தே இலாபம் என்பது என் துணிபு. போட்டி நாளுக்கு வேண்டுமாயின் புதுத் தகரம் உடைக்கலாம். தகரமின்றித் தனியே விற்கப்படும் அழுத்தப் பந்தோ கடையிலேயே பாதி உயிரை இழந்திருக்கும்.

தனிப்பந்தைச் சோதிக்க ஒரு வழியுண்டு. 100 அங்குல உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழவிட்டால் 53 முதல் 58 அங்குலம் வரை எழும்புதல் வேண்டுமென்பது வழக்கமான பந்துக்குரிய சர்வதேச விதி. சுவரிலே கரிக்கோடு இரண்டு போதும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.