மலையடிவாரத்தில் ஒரு காலாண்டிதழ்
திருவண்ணாமலை ரமணாசிரமத்திலிருந்து 1964 ஜனவரியில் ‘தி மவுண்டன் பாத்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் வெளிவரத் தொடங்கியது. லண்டனில் பிறந்து, சென்னையில் நாளிதழ்ப் பணியும் பார்த்த ஆர்தர் ஆஸ்பர்ன் அதன் முதல் ஆசிரியர். ஆன்மிக இதழானாலும் அமைப்பு முழுக்கப் பத்திரிகைக்குரியது: தலையங்கம், கட்டுரைகள், நூல் மதிப்புரை, ஆசிரமச் செய்திகள், ஆசிரியருக்குக் கடிதங்கள். எழுதுவோர் குறைவாயிருந்த தொடக்கத்தில் ஆஸ்பர்னே புனைபெயர்களிலும் எழுதினார்.

அந்நாளில் இதழின் உயிர்நாடி கடிதப் பகுதிதான். ஆசிரமத்தின் குருவான ரமணர் காட்டிய ஆன்ம விசாரத்தில், அதாவது ‘நான் யார்?’ எனத் தன்னையே ஆராய்வதில், எழும் ஐயங்களை வாசகர்கள் எழுதிக் கேட்பார்கள். கடிதத்துக்குக் கீழேயே ஆசிரியரின் பதில் அச்சாகும். ரமணர் 1950இல் மறைந்தபின், தொலைவிலிருந்த அன்பர்களுக்கு இப்பகுதி அரிய துணையாக இருந்தது. 1970இல் ஆஸ்பர்ன் மறைந்ததும் மனைவி லூசியா ஆசிரியப் பொறுப்பேற்றார். இதழ் இன்றும் வெளிவருகிறது.