வேலிப் பழமும் வீட்டு ஜின்னும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் செப்டம்பர் முடிந்து குளிர் எட்டிப் பார்க்கும் நாள்களில், வயலோர வேலிகளில் கருநீல நிறமுடைய ஒரு சிறு பழம் திரண்டு நிற்கும். மேலே வெண்சாம்பல் பூத்தாற்போன்ற மென்படலம். உள்ளே சிறிது சதையும் ஒரு கொட்டையும். ஸ்லோ என்பது அதன் பெயர். அதனைத் தரும் முட்செடியை அந்நாட்டார் பிளாக்தார்ன் என்பர். நாம் கருமுள் எனலாம். பிளம் பழத்தின் காட்டு உறவு இது. பறித்த கையோடு வாயிலிட்டால் நாக்கு மரத்துப்போகும் அளவுக்குத் துவர்க்கும். நம் களாக்காயை அறிந்தவர் இதன் புளிப்பை ஓரளவு ஊகிக்கலாம். துவர்ப்பை ஊகிக்க இயலாது.

உண்ணத் தகாத இப்பழத்தை ஜின் என்னும் மதுவில் சர்க்கரையோடு ஊறவைத்து, கிறிஸ்துமஸ் நாளுக்குச் செக்கச்சிவந்த இன்மதுவாக எடுப்பது ஆங்கில வீடுகளின் பழைய வழக்கம். மதுவைப் பற்றி நம் இலக்கிய வட்டத்து மலரில் எழுதுவதேன் என்னும் கேள்வி எழக்கூடும். அப்பழம் பழுத்த வேலியை ஒரு கவிஞன் தன் வாழ்நாளெல்லாம் பகைத்தான் என்பதே என் விடை.

செய்முறை எளியது. ஏறத்தாழ 450 கிராம் பழம், அதில் பாதி எடை சர்க்கரை, முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த ஜின் ஆகியவை போதும். முதல் உறைபனி விழுந்தபின் பறித்தல் வேண்டும் என்பது மரபு. பனி பட்டால் தோல் நெகிழ்ந்து சாறு எளிதில் இறங்கும். (குளிர்பதனப் பெட்டியில் ஓரிரவு வைத்துப் பனியை ஏமாற்றுவோரே இன்று மிகுதி.) ஒவ்வொரு பழத்தையும் முள்ளாலோ ஊசியாலோ குத்திக் கண்ணாடிச் சாடியிலிட்டு, சர்க்கரையும் ஜின்னும் சேர்த்து, இருளான இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று திங்களில் நிறமும் சுவையும் இறங்கிவிடும். கொட்டையிலிருந்து வாதுமை மணம் ஒன்றும் மெல்லக் கலக்கும். பிறகு துணியில் வடிகட்டிப் போத்தலில் அடைப்பர்.

இங்கே காய்ச்சுதல் இல்லை, ஊறவைத்தல் மட்டுமே உண்டு என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும். உரிமமின்றி வீட்டில் வாலை வைத்துச் சாராயம் வடித்தல் அந்நாட்டில் குற்றம். விலைக்கு வாங்கிய ஜின்னில் பழத்தை ஊறவைத்தல் குற்றமன்று. நம்மூரில் ‘ஊறல்’ என்ற சொல்லே கள்ளச் சாராய வழக்குகளின் சொல்லாகிவிட்டது. அங்கோ அது பாட்டிமாரின் சமையற்கட்டுக் கலை. ஒரே வினை இரு நாடுகளில் இரு வேறு வாசலில் நிற்கிறது.

பழம் மிகத் தொன்மையானது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து மீட்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலருகே ஒரு ஸ்லோ பழம் கிடைத்தது. ஜின்னோ மிக அண்மைக்காலத்தது. ஜூனிப்பர் என்னும் மரத்தின் மணக்காய் சேர்த்து ஹாலந்து நாட்டார் வடித்த ‘ஜெனெவர்’ என்ற பெயரே ஆங்கிலேயர் வாயில் ஜின் எனக் குறுகியது. 1688இல் ஆரஞ்சு வில்லியம் ஹாலந்திலிருந்து வந்து ஆங்கில அரியணையைப் பெற்றான். உள்நாட்டுத் தானியத்தில் மது வடிப்பதை ஊக்குவிக்கும் சட்டம் 1690இல் வந்தது. அடுத்த அறுபதாண்டுகளில் இலண்டன் நகரத்து ஏழைகள் மலிவான ஜின்னில் மூழ்கினர். 1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறை விற்பனைக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணமும் காலனுக்கு 20 ஷில்லிங் வரியும் விதித்தது. மக்கள் அதனை மதிக்கவில்லை. 1743இல் அரசே அதனைக் கைவிட்டது. 1751ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே வெறி தணியத் தொடங்கியது.

அக்காலத்தார் ஜின்னுக்குப் பெண் பெயர் சூட்டியதை இங்குச் சொல்லாமல் விட இயலவில்லை. ‘மேடம் ஜெனீவா’ என்றனர். 1734இல் ஜூடித் டிஃபோர் என்பவள் தன் குழந்தையைக் கொன்று அதன் ஆடையை விற்று ஜின் வாங்கிய வழக்கு நாட்டையே உலுக்கியது. 1751இல் ஹோகார்த் பொறித்த புகழ்பெற்ற சித்திரத்தின் நடுவிலும் ஒரு தாயே இருக்கிறாள். அவள் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. வடித்தவனும் விற்றவனும் வரி தண்டியவனும் ஓரத்தில் நிற்க, தாயின் தலையில் பழி விழுந்தது. அதே நூற்றாண்டில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் பழங்களைப் பிராந்தியில் ஊறவைத்து ‘ராட்டஃபியா’ முதலிய இன்மதுக்களைச் செய்தனர். அது இல்லறத் திறன் எனப் பாராட்டப்பட்டது. ஸ்லோ ஜின் பிறந்தது இந்த இரண்டாம் மரபில்.

இனி வேலிக்கு வருவோம். பண்டை ஆங்கில ஊர்களில் வயல்கள் வேலியின்றித் திறந்து கிடந்தன. புறம்போக்கு நிலத்தில் மாடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், கீரை கிழங்கு எடுக்கவும் ஏழைகளுக்கு வழக்குரிமை இருந்தது. நாடாளுமன்றச் சட்டங்கள் ஊர் ஊராக அவ்வுரிமையை நீக்கி நிலத்தைத் தனியுடைமையாகப் பிரித்தன. இதனை வேலியடைப்பு எனலாம். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட இத்தகைய சட்டங்கள் நிறைவேறின. அவை தொட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இது உச்சத்தில் இருந்தது. சோழநாட்டில் வேலி என்பது நில அளவையின் பெயருமாகும். அக்கணக்கில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வேலி நிலம் வேலிக்குள் போயிற்று.

பங்கு பெற்றவர் குறித்த காலத்துக்குள் தம் நிலத்தைச் சுற்றி வேலியிட வேண்டும் என்பது விதி. அச்செலவைத் தாங்காமல் நிலத்தை விற்று வெளியேறிய சிறு உடைமையாளர் பலர். நடப்பட்டவை பெரும்பாலும் ஹாதார்ன் என்னும் வெண்பூ முட்செடிகள். அவற்றோடு கருமுள்ளும் சேர்ந்தது. கருமுள்ளுக்கு நட்ட இடத்தில் நிற்கும் பழக்கம் இல்லை. வேரிலிருந்து புதுத் தளிர்களை விட்டுப் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். இவ்வாறு வயலோரம் நெடுகிலும் ஸ்லோ பழுக்கப் புதிய இடங்கள் கிடைத்தன. பறிகொடுத்தவர்கள் வேலியின் வெளிப்புறத்தில் நின்று அதனைப் பறித்தனர்.

இவ்வரலாற்றை ஹாமண்ட் தம்பதியர் 1911இல் ‘கிராமத் தொழிலாளி’ என்னும் நூலில் ஏழையின் பக்கம் நின்று எழுதினர். அவர்கள் மிகைப்படுத்தினர் என்று பின்வந்த பொருளியல் வரலாற்றாசிரியர் சிலர் மறுத்தனர். 1993இல் நீசன் என்னும் அறிஞர் நார்த்தாம்ப்டன்ஷயர் ஆவணங்களை நுணுகி ஆராய்ந்து, இழப்பு உண்மையானதே என்று நிறுவினார். என் சார்பு நீசனின் பக்கமே. அதற்கு ஆவணங்கள் மட்டும் காரணமல்ல. அதே மாவட்டத்தில் ஜான் கிளேர் இருந்தார்.

கிளேர் 1793இல் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அவ்வூருக்கான வேலியடைப்புச் சட்டம் 1809இல் வந்தபோது அவருக்கு அகவை 16. நிலப்பங்கீட்டு இறுதி ஆணை 1820இல் வெளியாயிற்று. அவருடைய முதற் கவிதை நூல் வெளிவந்ததும் அதே ஆண்டே. இலண்டன் மக்கள் ‘உழவர் கவிஞர்’ என்று அவரைக் கொண்டாடினர். ஆயினும் புரவலரான ராட்ஸ்டாக் பிரபு, செல்வரைச் சாடும் வரிகள் சிலவற்றை நீக்குமாறு வற்புறுத்த, பின்வந்த பதிப்பில் அவை நீங்கின. வேலியடைப்பை நேராகச் சாடும் ‘தி மோர்ஸ்’ என்னும் கவிதை அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை.

நம் கவிஞர்கள் கருதத்தக்க அவருடைய மற்றொரு கவிதை ‘ஸ்வார்டி வெல்’ என்னும் நிலத்தின் புலம்பல். அங்கே பேசுவது மனிதனன்று. நிலமே தன்மையில் நின்று பேசுகிறது. ஊராரின் பிச்சையில் வாழும் ஏழையின் குரலில், தன்னைத் தோண்டியும் உழுதும் விற்றும் மொட்டையடித்த கதையைச் சொல்கிறது. நிலத்தைப் பின்னணியாக வைத்துப் பாடிய கவிஞர் பலர். நிலத்தையே வழக்காடியாக நிறுத்தியவர் மிகச் சிலர். கிளேர் நிறுத்தக்குறி இடமாட்டார். வட்டார வழக்கை விடமாட்டார். பதிப்பாளர் டெய்லர் இரண்டையும் திருத்தினார். மொழியிலும் ஒரு வேலியடைப்பு நடந்தது என்பது என் துணிபு. ராபின்சன், பவல் முதலியோரின் ஆக்ஸ்போர்டு பதிப்புகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவருடைய மூல வடிவத்தை மீட்டுத் தந்தன. 1837இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1841இல் அங்கிருந்து தப்பி ஏறத்தாழ 80 மைல் நடந்தே ஊர் வந்து, அவ்வாண்டே மீண்டும் நார்த்தாம்ப்டன் விடுதியில் அடைக்கப்பட்ட கிளேர் 1864இல் அங்கேயே மறைந்தார்.

வேலிக்குள் ஓடிய முயலை ஏழை தொட முடியாது. 1816ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரவில் வேட்டைக் கருவியோ வலையோ கையிலிருக்கப் பிடிபட்டவனுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் வரை தண்டனை உண்டு. பழத்துக்கு அத்தகைய கடுமை இல்லை. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் இதனை எழுத்திலும் தெளிவாக்கிற்று: தானே வளர்ந்த செடியின் பழத்தைப் பறிப்பது, அந்நிலம் யாருடையதாயினும், விற்பனைக்காகப் பறித்தாலன்றித் திருட்டாகாது. நிலம் கைவிட்டுப் போனபின் எஞ்சிய உரிமை ஒரு கூடைப் பழம். அந்த ஒரு கூடையும் சட்டத்தில் இடம்பெற்றிருப்பது வியப்பே. வேலிக்காக மனிதன் நட்ட கருமுள் ‘தானே வளர்ந்தது’ ஆகுமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும்.

சாடியில் இன்னுமொரு பொருள் இருக்கிறது: சர்க்கரை. துவர்ப்பை வென்று இப்பழத்தை மதுவாக்குவது அதுவே. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் வந்தது. 1791இல் அடிமை வணிக ஒழிப்பு மசோதாவை நாடாளுமன்றம் தள்ளியபோது, ஆங்கிலக் குடும்பங்கள் பல சர்க்கரையையே விலக்கின. இல்லத் தலைவியரின் பங்கு அதில் பெரிது. 1825இல் மொரிஷியஸ் சர்க்கரைக்கு மேற்கிந்தியச் சர்க்கரைக்கு ஒப்பான வரிச்சலுகை கிடைத்தது. 1834இல் அடிமைமுறை முடிவுக்கு வர, அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். ஹெல்ப்ஸ்டன் ஏழையின் மேய்ச்சல் நிலம் பறிபோன அதே தலைமுறையில் நம்மவர் கடல் கடந்தனர். பிற்காலத்தில் ஐரோப்பியப் பீட் சர்க்கரை வந்து விலையைக் குறைத்தது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை வரியையே நீக்கியது. எளிய வீடுகளிலும் பழம் ஊறவைப்பது எளிதாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரிய உழவு எந்திரங்களுக்கு இடம் தர வேண்டி, அரசு உதவித்தொகை பெற்றே பல்லாயிரம் மைல் வேலிகள் பிடுங்கப்பட்டன. பறவைகளும் பழங்களும் குறைந்தன. இழந்ததை மக்கள் உணர்ந்தனர். 1997இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் வேலிப் பாதுகாப்பு விதிகள் வந்தன. முப்பதாண்டு கடந்த வேலி முக்கியமானதா என்று முடிவுசெய்ய அவற்றில் பல அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அவ்வேலி வேலியடைப்புச் சட்டங்களுக்கும் முற்பட்ட வயலமைப்பைச் சேர்ந்ததா என்பது. கிளேர் வெறுத்த வேலிகள் அத்தேர்வில் தேறுதல் அரிது. அவை தேற வேண்டுமாயின் வேறு வழி பார்க்க வேண்டும்: குறித்த நீளத்துக்குள் எத்தனை வகை மரஞ்செடிகள் உள்ளன என்ற கணக்கு. அக்கணக்கில் சேர்க்கத்தக்க மரஞ்செடிகளின் பட்டியலொன்று விதிகளோடு இணைக்கப்பட்டுள்ளது. கருமுள்ளும் அதில் இருக்கிறது.