பருப்பு மாத்தயாவும் 25 சதக் கட்டணமும்

இலங்கையின் இலவச மருத்துவ சேவையைப் பற்றி எழுதுவோரில் பலர், அரசாங்கம் மனமிரங்கி வழங்கிய கொடையாகவே அதைக் காட்டுகின்றனர். வருடந்தோறும் வரவுசெலவுத் திட்ட விவாதங்களைக் கேட்டுச் செய்தி எழுதிப் பழகிய எனக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. அந்தச் சேவை வாக்குரிமையின் வழியே வந்தது. வாக்குரிமையும் மலேரியாவும் ஒரே தசாப்தத்தில் நாட்டுக்குள் வந்து சேர்ந்தமையால் வந்தது என்பது இன்னும் பொருத்தம்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு, 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1934 இல், தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கின. ஓடும் நீரில் பெருக முடியாத நுளம்புகளுக்கு அக்குட்டைகள் தொட்டிலாயின. வரண்ட வலயத்து மக்களுக்கு மலேரியா பழகிய நோய். ஈரவலயத்தையும் அதன் எல்லையையும் சேர்ந்த கேகாலை, குருநாகல் பகுதி மக்களின் உடலிலோ அதற்கான எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. 1935 இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அன்றைய சனத்தொகை 55 இலட்சம் அளவே.

அக்காலத்தில் சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றனர். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க அவர்களுள் ஒருவர். கலாநிதி என்.எம். பெரேரா மற்றொருவர். பட்டினியில் கிடந்த வீடுகளுக்குப் பருப்பு பகிர்ந்தமையால் 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1936 தேர்தலில் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அதன் பின்னர் ஒவ்வொரு உறுப்பினரும் தமது தொகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி கேட்கலானார். நாட்டுப்புறங்களில் சிறிய வைத்தியசாலைகள் எழுந்தன. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் பரவியது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ் பொதுச் சுகாதார பரிசோதகர், அவர்களோடு வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சி என்ற அந்த ஏற்பாடு இன்றும் உயிரோடு உள்ளது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கப்படும் அந்தப் பெண்மணியின் பொறுப்பில் 3,000 முதல் 5,000 வரையான மக்கள் இருப்பர். ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000 க்கும் மேலாக இருந்த தாய் மரணம் 30 அளவுக்கு இறங்கியதில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு இருக்கும் பங்கு அவருக்கும் உண்டு. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது.

வாக்கு இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1947 நாடாளுமன்றத்தில் இலங்கை இந்தியர் காங்கிரஸுக்கு ஏழு உறுப்பினர்கள் இருந்தனர். 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 இல் அவர்களுள் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகள் நாடெங்கும் பெருகிய அதே ஆண்டுகளில், தோட்டத் தொழிலாளி கம்பனியின் டிஸ்பென்சரி வாசலிலேயே காத்து நின்றான். அங்கே மருந்து கொடுத்தவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர். தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில்தான் தொடங்கியது. பல ஆண்டுகள் கடந்தும் அது முழுமை பெறவில்லை. மலையகத்தின் தாய் சேய் நலக் குறைவுக்கு அம்மக்களின் 'அறியாமை'யைக் காரணம் காட்டும் கட்டுரைகளைக் காணும்போது எனக்குச் சினமே வருகிறது.

கட்டணத்தின் கதைக்குத் திரும்புவோம். 1971 இல் வெளிநோயாளர் ஒருவரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. அப்போதைய நிதியமைச்சர் வேறு யாருமல்லர், பருப்பு மாத்தயாவேதான். நாட்டின் கஜானா இருந்த நிலை அப்படி. ஆனால் வெளிநோயாளர் தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துபோயிற்று. அந்தச் சிறு காசு எத்தனை பேரை வாசலிலேயே திருப்பியனுப்பியது! 1977 தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. புதிய அரசாங்கம் வந்த ஆண்டிலேயே கட்டணம் ஒழிந்தது. பின்னர் வந்த எந்த நிதியமைச்சரும் வெளிநோயாளர் வாசலில் உண்டியல் வைக்கத் துணியவில்லை.

அதே 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயும், மலேரியாக் காலத்து அதே டொக்டர் விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழி அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. கம்பனிகளின் வணிகப் பெயருக்கு விலை கொடாமல், மருந்தின் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்குவது அதன் நோக்கம். பிபிலே 1977 இல் கயானாவில் காலமானார். அவர் வகுத்த கொள்கையின் பெரும்பகுதி அதன் பின் பல்லாண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது.

யுத்த காலத்தில் இந்த அமைப்பு முன்னரங்கக் கோட்டைக் கடந்தும் இயங்கியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பணியாற்றிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கொழும்பே சம்பளம் வழங்கியது. போலியோச் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்களும் உண்டு. எனினும் வன்னிக்கான மருந்துகள் கட்டுப்பாட்டோடுதான் சென்றன. 2009 இல் அங்கிருந்த அரசாங்க வைத்தியசாலைகள் எறிகணைக்கு இலக்காகியதை ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் பதிவுசெய்தது.

இன்றைய இடர்ப்பாடு வேறு வகையானது. மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் இலங்கைக்குச் சான்றளித்தது. இப்போதுள்ள பெருநோய்கள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருதய நோயுமே. காய்ச்சல்காரனுக்கு ஒரு வாரக் கட்டில் போதும். நீரிழிவுக்காரனுக்கு முப்பது வருடம் மாதந்தோறும் மாத்திரை வேண்டும். அரசியல்வாதிக்கோ புதிய வாட்டுக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் உள்ள நாட்டம் மாத்திரையில் இல்லை. மாத்திரையில் பெயர் பொறிக்க முடியாதல்லவா! இலவசம் என்று நாம் பெருமை பேசும் நாட்டில் மருத்துவச் செலவின் ஏறத்தாழப் பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்தே செல்கிறது. கிளினிக்கில் மருந்து இல்லாவிட்டால் ஒரு துண்டு எழுதித் தருவார்கள். நோயாளி அதை எதிரே உள்ள மருந்துக்கடைக்குக் கொண்டு செல்வார். 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியபோதுதான் நிலைமையின் ஆழம் கொழும்புக்கு உறைத்தது. அதே ஆண்டு முதல் வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் கடல் கடந்தனர்.

நிருவாகச் சிக்கல் ஒன்றும் உண்டு. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் பின்னர் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஆதார, பிரதேச வைத்தியசாலைகளில் பெரும்பாலானவை மாகாணங்களின் கீழும் அமைந்தன. நோயாளி யாருடைய அனுமதிச் சீட்டும் இன்றி எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்பதால் அருகிலுள்ளது வெறிச்சோட, போதனா வைத்தியசாலையில் ஒரு கட்டிலுக்கு இருவர் படுக்கின்றனர். மாகாணத்து ஆஸ்பத்திரிக்குக் குரல் கொடுக்க வேண்டியது மாகாண சபை. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமையால், மருந்து இல்லையென்று முறையிட விரும்பியவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் செயலகத்துக்கே கடிதம் எழுதவேண்டியிருந்தது.